மாதிரி எடுக்கப் போன இடங்களில்: நீரையும் கழிவையும் அளப்பவர்களின் அனுபவங்கள்

ஆற்றுநீர்க் கண்காணிப்பில் இருப்பவர்:

நம் வேலையில் வெளியே தெரிவது கடைசியில் வரும் அறிக்கை மட்டும்தான். அதிலுள்ள எண்களை எந்த நேரத்தில், எந்தக் கரையில் நின்று, யார் சொன்னதைக் கேட்டு எடுத்தோம் என்பது பெரும்பாலும் நம்மோடு போய்விடுகிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அளவீடு ஒன்றைச் சொல்ல, இடம் வேறொன்றைச் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஓட்டம் மந்தமான ஓர் ஆற்றுப் பகுதியில் மீன்கள் செத்து ஒதுங்குவதாகப் புகார் வந்தது. முதலில் போன குழு பிற்பகலில் அளந்தது. கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம். நீர் நன்றாகவே இருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடப் பார்த்தார்கள். எனக்கு அந்த 12 தான் உறுத்தியது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். அதற்கு மேல் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், நீருக்குள்ளேயே ஆக்சிஜன் உற்பத்தியாகிறது, பாசி பெருகியிருக்கிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 9ஐத் தாண்டியிருந்ததும் அதையே காட்டியது. ஒளிச்சேர்க்கைக்காகப் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீர் காரத்தன்மை அடையும்.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “பகலில் வந்தால் என்ன தெரியும் தம்பி? கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் வாருங்கள். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்” என்றார். அவர் சொன்ன நேரத்துக்குப் போனோம். ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது. பகலில் ஆக்சிஜனைக் கொட்டிய அதே பாசி, இரவில் சுவாசிப்பதற்கு அதை எடுத்துக்கொள்கிறது. அடியில் அழுகும் பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்கிறது. விடியும் வேளையில் மீனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பகலிலும் அவற்றுக்கு நிம்மதி கிடையாது, பி.எச். ஏறினால் நீரிலுள்ள அம்மோனியத்தில் ஒரு பங்கு மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக மாறிவிடும்.

ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. அதன் வெளியேற்றத்தில் பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், வரம்புக்குள்தான் இருந்தது. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அதுவரை யாரும் கேட்கவில்லை. பாசிக்கு உணவு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியவர் சொன்னதைக் கள விசாரணை என்ற தலைப்பில் அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதினேன். ஆற்றை ஆண்டுக்கணக்காகப் பார்ப்பவரின் சாட்சியத்துக்கு அந்த இடம் உரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

தொழிற்சாலை வெளியேற்றங்களைச் சோதிப்பவர்:

நேரம் பற்றி நீங்கள் சொன்னது என் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஒரு ஆலையில் பகலில் எப்போது மாதிரி எடுத்தாலும் எல்லாம் வரம்புக்குள் வரும். ஆனால் வெளியேற்றுக் குழாய் ஓடையில் சேரும் இடத்தில் கற்களின்மேல் கரும்படலம் தடித்துக் கிடக்கும். நான் எடுத்த மாதிரிகளில் இருந்த தெளிந்த நீரால் அப்படி ஒரு படலம் வளர வாய்ப்பே இல்லை. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தானே பதிவு செய்யும் கருவியை ஓடையில் பொருத்தினோம். வரைபடத்தில் நள்ளிரவுக்குப் பிறகு செங்குத்தாக ஓர் ஏற்றம், விடிவதற்குள் இறக்கம். இரவுதோறும் அதே வடிவம். அதன் பிறகுதான் 24 மணி நேரமும் ஓட்டத்தின் அளவுக்கேற்பத் தானாகவே சிறிது சிறிதாகச் சேகரிக்கும் கருவியை வைக்க அனுமதி கிடைத்தது.

இன்னொரு தந்திரம் பற்றியும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவுநீரில் நல்ல நீரைக் கலந்துவிடுவது. ஒரு நாளைக்கு 100 கனமீட்டர் நீர், லிட்டருக்கு 200 மில்லிகிராம் சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) என்றால் ஓடைக்குப் போவது 20 கிலோ. அதையே 200 கனமீட்டராக்கினால் அளவு 100 மில்லிகிராமாக இறங்கிவிடும், தாளில் பாதி. ஓடைக்குப் போவது அதே 20 கிலோதான், கூடவே வீணாகும் நல்ல நீர் வேறு. செறிவை மட்டும் எழுதிவிட்டு ஓட்டத்தை எழுதாத அறிக்கையை நான் ஏற்பதே இல்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. அந்த ஓடையின் கீழ்ப்பகுதியில் கால்நடைகள் நீர் குடிக்கின்றன.

கழிவுநீர் வலையமைப்பில் வேலை செய்பவர்:

நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எல்லோரும் படித்தால் நல்லது.

ஆளிறங்கு குழியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. சிறிது நேரத்தில் நாற்றம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே அவரைப் பின்னுக்கு இழுங்கள். காற்றில் அது 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்கு ஏறும்போது மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் போனதாக நினைக்கும் அந்த நொடியில்தான் ஆபத்து மிக அதிகம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கும். அதனால் மூடியருகே மட்டும் அளந்து திருப்தி அடையக் கூடாது. குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று நிலையிலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை காற்றில் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

நான் பார்த்தது இது. மூன்று நிலையிலும் அளவீடு சரியாக இருந்தது. மாதிரி எடுப்பதற்காகச் சக பணியாளர் மேலிருந்தே நீண்ட கழியால் கசட்டைக் கிளறினார். கருவி அலறியது. கசட்டுக்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பிவிட்டது. எல்லோரும் காற்று வரும் திசைக்கு விலகினோம். வேலை முறை முடிவதற்குள் மாதிரி வேண்டும் என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். “இன்று மாதிரி கிடையாது” என்று என்னோடு இருந்த மூத்தவர் சொன்னார். அவ்வளவுதான், விவாதமே இல்லை. அவரை நான் மறக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட குழிகளில் இறந்தவர்களில் பலர், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற யோசிக்காமல் இறங்கியவர்கள். சுவாசக் கருவியும் மேலே இழுக்கும் கயிறும் ஆட்களும் இல்லாமல் யாரும் யாருக்காகவும் இறங்கக் கூடாது.

குப்பைக் கிடங்குக் கண்காணிப்பில் இருப்பவர்:

படித்ததும் மனம் கனத்தது. என் அனுபவம் மெதுவாக நடந்தது.

குப்பைக் கிடங்கைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கும். நிலத்தடி நீர் ஓடிவரும் பக்கத்தில் குறைந்தது ஒன்று, கிடங்கைக் கடந்து நீர் வெளியேறும் பக்கத்தில் சில. முதலாவது, கிடங்கு இல்லாவிட்டால் நீர் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும். மற்றவை கிடங்கு என்ன செய்கிறது என்பதைக் காட்டும். இந்த ஒப்பீடுதான் எல்லாமே. கிணற்றுக் குழாயில் நின்றுபோன நீரை அப்படியே மொண்டுகொண்டு வந்தால் அந்த ஒப்பீடு பாழ். முதலில் அதை இறைத்து வெளியேற்ற வேண்டும். மெதுவாக இறைத்துக்கொண்டே வெப்பம், பி.எச்., மின்கடத்துதிறன் மூன்றும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே குப்பியை நீட்ட வேண்டும். சில கிணறுகளில் இதற்கே நெடுநேரம் பிடிக்கும். வெயிலில் நின்று எண்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தைச் சுருக்கச் சொல்லி அழுத்தம் வரும். நான் சுருக்கியதில்லை.

ஒரு கிணற்றில் குளோரைடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. மற்ற எதுவும் அசையவில்லை. குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது. நீர் போகும் வேகத்திலேயே போகும். குப்பையின் ஊடாக ஊறி வடியும் கசிவுநீர் தப்பினால் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது அதுதான். உலோகங்கள் மண்ணில் தங்கித் தங்கி, தாமதமாக வரும். ஆகவே, இன்னும் வரம்பைத் தாண்டவில்லையே என்ற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. வரம்பைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டுமானால் கண்காணிப்பு எதற்கு?

கிடங்குக்குக் கீழ்ப்பக்கம் வீட்டுக் கிணறு வைத்திருந்த ஓர் அம்மா நான் இறைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “எங்கள் தண்ணீர் முன்பு போல இல்லை, லேசாகக் கரிக்கிறது” என்றார். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் பலருக்கு நாக்கில் தெரியும். அவர் கிணற்றிலும் ஒரு மாதிரி எடுத்தேன். அப்போது அவர் கேட்டார்: “இதைக் குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

இந்தக் கேள்விதான் நம் வேலையிலேயே கடினமானது. அந்த இடத்தில் என் கையில் இருந்தது மின்கடத்துதிறன் ஒன்றுதான். கவலைப்படாதீர்கள் என்று சொல்வது எளிது, அது பொய்யாகலாம். குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு மாற்று வழி காட்டாமல் வருவதும் நியாயமில்லை. எனக்குத் தெரிந்ததைப் பிரித்துச் சொன்னேன்: நீரில் உப்பு கூடியிருக்கிறது, இது எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வகத்தில்தான் தெரியும், முடிவு வரும்வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு நீரை எடுங்கள். காய்ச்சினால் போதுமா என்று கேட்டார். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும் என்றும் சொன்னேன். தற்காலிகமாக நீர் வழங்கச் சொல்லி அன்றே மேலே எழுதினேன். முடிவு வந்ததும் தபாலில் போகட்டும் என்று விடாமல் நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அம்மோனியாவும் கூடியிருந்தது, கசிவுநீர்தான். கிடங்கின் அந்தப் பக்கத்தில் கசிவுநீரை இறைத்தெடுக்கும் கிணறுகள் பிறகு அமைக்கப்பட்டன. அவர் வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்தது. அவர் கிணற்று நீர் பழையபடி ஆக இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆய்வகத்தில் இருப்பவர்:

நீங்கள் அனுப்பும் குப்பிகளைத் திறப்பவர்களில் நானும் ஒருவர். களத்தில் நடந்ததெல்லாம் குப்பிக்குள் இருக்கிறது, நல்லதும் கெட்டதும்.

குளோரின் கலந்த குடிநீரில் பாக்டீரியா பார்க்க எடுக்கும் குப்பியில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாங்கள் பார்க்கும்போது எதுவும் வளராது. ஊர் குடித்த நீரில் கிருமி இருந்திருக்கும், எங்கள் முடிவு சுத்தம் என்று சொல்லும். உலோகங்களுக்கு எடுக்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.சை 2க்கும் கீழே வைக்க வேண்டும். இல்லையேல் உலோகம் குப்பியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பி.ஓ.டி.க்கு 20 டிகிரி வெப்பத்தில், இருட்டில், 5 நாள். இந்தச் சோதனையை அவசரப்படுத்த முடியாது. எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு காலையில் காற்றூட்டத் தொட்டி நீரை நுண்ணோக்கியில் வைத்தேன். வழக்கமாகக் காம்பின் நுனியில் மணி போல விரிந்து ஆடும் நுண்ணுயிர்கள் எல்லாம் சுருங்கி அசையாமல் கிடந்தன. ஏதோ நஞ்சு உள்ளே வந்திருக்கிறது என்று அப்போதே நிலைய இயக்குநரிடம் சொன்னேன். வரும் நீரை அவசரத் தொட்டிக்குத் திருப்பினார்கள். அந்த நாளின் பி.ஓ.டி. முடிவு வந்து சேர்ந்தபோது நுண்ணுயிர்கள் மீண்டும் தேறத் தொடங்கியிருந்தன. எண்ணுக்காகக் காத்திருந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்த தொட்டிக் கசடு முழுவதும் செத்திருக்கும்.

களத்திலிருந்து வரும் குறிப்புச் சீட்டுகளுக்காக உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ‘மழை நின்று ஒரு மணி நேரம்’, ‘மேலே யாரோ மண் அள்ளுகிறார்கள்’, ‘மண்ணெண்ணெய் வாடை’ என்று கிறுக்கியிருக்கும் ஒரு வரி, எங்களை எந்தச் சோதனையைக் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க வைக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்:

எல்லாவற்றையும் படித்தேன். அடுத்த வாரம் முதல் தனியாகக் களத்துக்குப் போக வேண்டும். கருவிகளைப் பற்றிப் பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். நான் அளப்பது உண்மைதான் என்று எனக்கு எப்படி உறுதியாகும்?

ஆற்றுநீர்க் கண்காணிப்பில் இருப்பவர்:

நல்ல கேள்வி. கிளம்பும் முன் பி.எச். மானியை 4, 7, 10 கரைசல்களில் சரிபாருங்கள். மின்கடத்துதிறன் மானியை 1,413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. தரக்கரைசலில் வையுங்கள். திரும்பி வந்ததும் அதையே மறுபடி செய்து இரண்டையும் எழுதிவையுங்கள். இடையில் கருவி நகர்ந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குப்பியில் தூய நீரைக் களத்துக்கு எடுத்துப் போய் அங்கே திறந்து, மாதிரி எடுப்பது போலவே இன்னொரு குப்பியில் நிரப்பிக் கொண்டுவாருங்கள். அதில் ஏதாவது தென்பட்டால் மாசு நம் கையிலிருந்தோ குப்பியிலிருந்தோ வந்தது என்று தெரிந்துவிடும். ஓர் இடத்தில் இரட்டை மாதிரி எடுங்கள். ஆய்வகத்துக்கு அது இரட்டை என்று சொல்லாதீர்கள்.

ஆற்றில் இறங்கி நின்று எடுப்பதானால் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, உங்கள் கால் கலக்கிய நீர் குப்பிக்குள் போகாதபடி எடுங்கள். தனியாக நீரில் இறங்க வேண்டாம், கரையில் ஒருவர் இருக்கட்டும். பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை என்றால் அன்று பாலத்திலிருந்து வாளியில் மொண்டுகொள்ளுங்கள். அப்படித்தான் எடுத்தேன் என்று சீட்டில் எழுதுங்கள்.

முதல் நாள் போய்விட்டு வந்து நீங்களும் இங்கே எழுதுங்கள். கிணற்று மாதிரிகளில் சந்தேகம் என்றால் கிடங்கு நண்பரைக் கேளுங்கள், அவருக்குப் பொறுமை அதிகம்.