கறிவேப்பிலைச் செடியில் புழு காணாமல் போகிறது, கூடு பழுப்பாகிவிட்டது: எங்கே தப்பு செய்கிறேன்?

மாடிச்செடி | மார்ச் 17, இரவு 9.50

வணக்கம். ஆதம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வீடு. மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் பக்கெட்டில் ஒரு கறிவேப்பிலை, பக்கத்துத் தொட்டியில் ஒரு எலுமிச்சை. மாசி பிறந்ததும் இரண்டும் தளிர் விட்டன, கூடவே புழுக்களும் வந்தன. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஒரு வரிசையாகப் படம் எடுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மூன்று தடவை முயன்றும் முடியவில்லை.

முதல் தடவை நான்கு புழு இருந்தன. கொழுகொழு என்று பச்சையாக வளர்ந்து ஒன்றரை அங்குலம் ஆனதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செடி முழுக்கத் தேடினேன், கூடு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது தடவை எலுமிச்சைக் கிளையில் ஒரு பச்சைக் கூடு கிடைத்தது. பத்து நாள் கழித்து அது கருத்துவிட்டது, இன்று வரை அப்படியே இருக்கிறது. இப்போது தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இன்னொரு கூடு, வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதுவோ முதலிலிருந்தே பழுப்பு. இதுவும் செத்துவிட்டதா?

படங்களும் சரியில்லை. போனில் கிளிப் லென்ஸ் மாட்டி எடுக்கிறேன். இலை நரம்பு பளிச்சென்று விழுகிறது, புழு மட்டும் புகை மாதிரி. யாராவது வழி சொல்லுங்கள்.

குளவிக்கண் | மார்ச் 17, இரவு 10.25

நாலைந்து கேள்வி. கருத்த கூட்டில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை தெரிகிறதா? காய்ந்த புல்நுனியால் மெதுவாகத் தொட்டால் ஆடுகிறதா? சுவரில் இருப்பது ஆடுகிறதா? செடியை நர்சரியில் எப்போது வாங்கினீர்கள்? வீட்டில் யாராவது மருந்து அடிக்கிறார்களா? பதில் வந்ததும் சொல்கிறேன்.

மாடிச்செடி | மார்ச் 18, காலை 6.40

விடிந்ததும் பார்த்தேன். கருத்த கூட்டில் ஓட்டை இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு. தொட்டால் அசைவே இல்லை, காய்ந்த சருகு மாதிரி லேசாக இருக்கிறது. சுவரில் இருப்பது தொட்டதும் வாலைச் சுற்றி இரண்டு முறை துள்ளியது. பயந்தே போய்விட்டேன்! செடி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, மருந்து எதுவும் இல்லை. அம்மாதான் ரசத்துக்குத் தளிராகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு போகிறார். அது கணக்கில் வருமா?

குளவிக்கண் | மார்ச் 18, காலை 7.15

கட்டாயம் வரும். உங்கள் செடிகளுக்கு வருகிற எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளுமே பெரும்பாலும் இளந்தளிர் பார்த்துத்தான் முட்டை இடும். ஒரு மில்லிமீட்டர் உருண்டை, வெளிர் மஞ்சள், ஒவ்வொன்றும் தனியாக. உங்கள் முட்டைகளில் பாதி ரசத்துக்குப் போயிருக்கும். அம்மாவுக்கு என்று ஒரு கிளையை ஒதுக்கிவிடுங்கள், மற்றதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் நல்ல செய்தி. சுவரில் இருப்பது உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டு வகையிலும் கூட்டுப்புழு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். பச்சை இலைகளுக்கு நடுவே கட்டினால் பெரும்பாலும் பச்சை. சுவர், காய்ந்த குச்சி என்று போனால் பழுப்பு. இடத்துக்கு ஏற்ற வேஷம், அவ்வளவுதான்.

செத்தது எலுமிச்சைக் கிளையில் இருந்ததுதான். அதைத் தின்றது ஒட்டுண்ணிக் குளவி. கொசுவை விடச் சின்னதாக இருக்கும். கூடு கட்ட உட்கார்ந்த புழுவின் பக்கத்திலேயே காத்திருக்கும். தோல் உரிந்து கூடு இன்னும் மெத்தென்று இருக்கும் நேரம் பார்த்து உள்ளே முட்டை இட்டுவிடும். ஓடு இறுகிவிட்டால் அதற்குக் கஷ்டம். உள்ளே குளவிக் குஞ்சுகள் தின்று வளர்ந்து, ஒன்றிரண்டு ஓட்டை போட்டு வரிசையாக வெளியே வரும். பட்டாம்பூச்சி வரப்போகிற கூடும் கருக்கும், ஆனால் அந்தக் கருப்பு வேறு. ஓடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இறக்கையின் புள்ளியும் கோடும் தெரியும். இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

இனி காணாமல் போனவை. பெரும்பாலும் அவை சாகவில்லை, நடந்து போயிருக்கின்றன. முழுசாக வளர்ந்த புழு தின்பதை நிறுத்தும், வயிற்றைக் காலி செய்யும். அதுவரை உருண்டை உருண்டையாகப் போட்ட புழுக்கை அன்றைக்கு மட்டும் ஈரமாக, குழகுழவென்று இருக்கும். அதுதான் அடையாளம். அப்புறம் செடியை விட்டு இறங்கி நடக்கும். பல மீட்டர் கூடப் போகும். துணிக்கொடிக் கம்பி, பைப், ஜன்னல் கம்பியின் அடிப்பக்கம், பூந்தொட்டி விளிம்பு எல்லாம் பாருங்கள். நீங்கள் செடியிலேயே தேடியதுதான் பிரச்சினை. மைனாவும் பல்லியும் ஒன்றிரண்டைத் தூக்கியிருக்கலாம், அது வேறு கணக்கு.

பசுமை_வீடு | மார்ச் 18, காலை 9.05

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு சார்? வேப்பெண்ணெய் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் சோப்புக் கரைசலோடு கலந்து அடியுங்கள். புழு போய்விடும், கறிவேப்பிலை மிஞ்சும்.

மாடிச்செடி | மார்ச் 18, காலை 9.12

ஐயா, நான் கேட்டதற்கு நேர் எதிரான பதில் இது :)

மேக்ரோ மணி | மார்ச் 18, பிற்பகல் 1.30

படம் பற்றி நான் சொல்கிறேன். கிளிப் லென்ஸில் ஃபோகஸ் ஆகும் ஆழம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். திரையைத் தட்டித் தட்டி ஃபோகஸ் தேடினால் போன் இலையைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அதில்தான் நரம்பு, கோடு எல்லாம் இருக்கிறது. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். அப்புறம் போனை முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்தி, புழுவின் தலை தெளிவாகும்போது பர்ஸ்ட்டில், அதாவது அடுத்தடுத்து வேகமாக, பத்துப் படம் எடுங்கள். ஒன்பதை அழித்துவிடலாம். புழு முழுவதும் தெளிவாக வேண்டுமென்றால் பக்கவாட்டில், அதன் முதுகுக்கோட்டுக்கு இணையாகப் போனைப் பிடியுங்கள். போர்ட்ரெய்ட் மோட் பக்கம் போகவே வேண்டாம், பட்டாம்பூச்சியின் உணர்கொம்பைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

பாதிக் குற்றம் காற்றுடையது. பங்குனியில் உச்சிவேளை நெருங்கும்போது கடற்காற்று கிளம்பிவிடும், மூன்றாவது மாடியில் கேட்கவே வேண்டாம். காலை 6.30 முதல் 8.30 வரைதான் உங்கள் நேரம். ஆடும் கிளையைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் செடிக்கும் சூரியனுக்கும் நடுவே பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. அவர் பெயர் இதுவரை எந்தப் படத்தின் கீழும் வந்ததில்லை.

புழு தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டுகிற படத்துக்காக அதைக் குத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவை போதும். நாற்றமும் சும்மா இல்லை.

எருக்கம்பூ | மார்ச் 18, இரவு 8.00

புழு கூடு கட்ட உட்கார்ந்ததும் கொசுவலைத் துணியால் சுற்றிவிட்டால் குளவி வராது. நான் அப்படித்தான் செய்வேன்.

குளவிக்கண் | மார்ச் 18, இரவு 8.20

செய்யலாம் அக்கா, ஒன்றிரண்டுக்கு. எல்லாவற்றுக்கும் வலை கட்டினால் எனக்கு மனசு ஒப்பாது. குளவிக்கும் வயிறு இருக்கிறது. தவிர சாதாரணக் கொசுவலைக் கண்ணில் அந்தச் சின்னக் குளவி நுழைந்துவிடும், இன்னும் நெருக்கமான துணி வேண்டும். பட்டாம்பூச்சி வெளிவந்ததும் இறக்கை விரிய இடம் இல்லாமல் துணி ஒட்டினால் அதுவும் வம்பு.

மாடிச்செடி | மார்ச் 21, காலை 7.30

கிடைத்துவிட்டது! துணிக்கொடிக் கம்பியின் அடியில் ஒன்று, கேஸ் சிலிண்டர் மூடியில் ஒன்று. அம்மாவுக்கு இப்போது நான் துணி காயப்போட அனுமதி தரவேண்டிய நிலைமை. சுவர்க் கூட்டில் மாற்றம் இல்லை. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? வெளிவரும் நேரத்தை எப்படிப் பிடிப்பது?

மேக்ரோ மணி | மார்ச் 21, காலை 8.10

சென்னை வெயிலில் எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிடும். இறக்கை நிறம் ஓட்டின் வழியாகத் தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலைதான். முந்தின இரவே போனை ஸ்டாண்டில் வைத்து, சார்ஜரில் போட்டு, ஃபோகஸைப் பூட்டி, விடிகிறபோது டைம்லாப்ஸை ஓட விடுங்கள். ஓடு பிளந்து வெளியே வர ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்தான். நீங்கள் காபி போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இறக்கை கசங்கின துணி மாதிரி இருக்கும், கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் விரியும். அதன் பிறகும் காய வேண்டும். கீழே ஒரு சொட்டு கலங்கல் நீர் விழும், ரத்தம் என்று பயப்படாதீர்கள்.

எருக்கம்பூ | மார்ச் 22, மாலை 5.15

காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குக் கீழே போய்ப் பாருங்கள். காலி மனையில் எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி பெரும்பாலும் இருக்கும். இலையின் அடிப்பக்கம் முட்டை. புழுவுக்குக் கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை, முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்பு. போனுக்கு இதைவிட எளிதான ஆள் இல்லை, பளிச்சென்று இருக்கும், ஓடாது. எருக்கம்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மோசமாகிவிடும். சரக்கொன்றைத் தளிரில் கொன்னை வெள்ளையன், ஆடுதின்னாப்பாளையில் சிவப்புடல் அழகி. பூவைத் தேடினால் பறக்கிறதுதான் கிடைக்கும், இலையைத் தேடினால் முழுக் கதையும் கிடைக்கும். கிண்டிப் பூங்காவில் படம் மட்டும் எடுங்கள், புழுவை டப்பாவில் போட்டுக்கொண்டு வரக்கூடாது.

மாடிச்செடி | மார்ச் 26, காலை 8.45

சுவர்க் கூடு இன்று 7.05க்குப் பிளந்தது. டைம்லாப்ஸில் எல்லாம் விழுந்திருக்கிறது, கை நடுங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. ஆனால் இப்போது புதுக் குழப்பம். எலுமிச்சை அழகி வரும் என்று நினைத்தேன். வந்தது கருப்பு, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளி. படங்களோடு ஒப்பிட்டால் ரோஜா அழகி மாதிரி இருக்கிறது. அது ஆடுதின்னாப்பாளை வகைச் செடியில் அல்லவா வளரும்? என் மாடியில் அது கிடையாதே!

குளவிக்கண் | மார்ச் 26, காலை 9.10

உடம்பைப் பாருங்கள். சிவப்பா, கருப்பா?

மாடிச்செடி | மார்ச் 26, காலை 9.14

கருப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன், சுத்தக் கருப்பு.

குளவிக்கண் | மார்ச் 26, காலை 9.30

அப்படியானால் கறிவேப்பிலை அழகியின் பெண். ரோஜா அழகியின் உடம்பு சிவப்பாக இருக்கும், அது தின்று வளர்ந்த செடியின் விஷம் உடம்பில் இருப்பதால் பறவைகள் தொடாது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு விஷம் கிடையாது, உடை மட்டும் கடன். இதே இனத்தில் ஆணைப் போலவே இருக்கும் பெண்ணும் உண்டு, சிவப்புடல் அழகியைப் போல வேஷம் போடுகிற பெண்ணும் உண்டு. இறக்கையைக் கச்சிதமாகக் காப்பி அடித்துவிட்டு உடம்புக்குச் சாயம் பூச மறந்துவிட்டது.

மாடிச்செடி | மார்ச் 26, இரவு 7.20

அம்மாவிடம் காட்டினேன். "நம்ம செடி தின்னுட்டு வேற வீட்டுப் புடவை கட்டிக்கிட்டு போறாளா" என்றார். துணிக்கொடிக் கம்பியில் இருக்கும் கூட்டில் இன்று சாயங்காலம் லேசாகக் கோடு தெரிகிறது. போன் சார்ஜில் இருக்கிறது.