திரும்ப அழைக்கப்பட்ட வண்டி தரம் கெட்ட வண்டியா?

மெரிபேங்க் மூத்தவர்:
"எந்த நிறுவனம் குறையை நீக்கித் தருவதற்காக அதிக வண்டிகளைத் திரும்ப அழைக்கிறதோ, அதுவே தரம் குறைந்த நிறுவனம், 2010இல் டொயோட்டாவின் பெயர் கெட்டதே அதற்குச் சான்று" என்று சாட்ஸ்வர்த் தம்பி நேற்று இங்கே எழுதியதைப் படித்தேன். டர்பனில் உள்ள டொயோட்டாவின் பிராஸ்பெக்டன் ஆலையின் பொருத்து வரிசையில் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்று தெரிந்தால் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்துவோம். நிறுத்தியவனைத் தரம் கெட்ட தொழிலாளி என்று யாரும் சொன்னதில்லை. பார்த்தும் பாராமல் அடுத்த வண்டியை அனுப்பியவனைத்தான் சொன்னோம். விற்ற வண்டியைத் திரும்ப அழைப்பதும் அதே செயல்தான். தம்பி காட்டும் சான்றும் பிழை. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே நால்வர் மாண்ட விபத்து. அவர்கள் சென்ற லெக்சஸ், அதாவது டொயோட்டாவின் சொகுசு வண்டி, விற்பனையகம் தற்காலிகமாகக் கொடுத்தது. அதில் வேறொரு மாடலுக்குரிய தரைவிரிப்பைப் போட்டிருந்தார்கள். முடுக்கிப் பெடல் அதில் சிக்கிக்கொண்டது. குறை தரைவிரிப்பில் இருந்தது.

சாட்ஸ்வர்த்வாசி:
ஐயா, தங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்துச் சொல்கிறேன்: குறை பெடலில் இருந்தது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 இலட்சம் வண்டிகளை, அழுத்திய பெடல் மேலே திரும்பாமல் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகவே அழைத்தார்கள். எட்டு மாடல்களின் விற்பனையையும் நிறுத்திவைத்தார்கள். தரைவிரிப்பு மட்டுமே காரணமென்றால் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு விற்றிருக்கலாமே. ஓர் ஆலையில் சம்பளம் வாங்கியவர் அந்த ஆலைக்காக வாதாடுவது இயல்பு. ஆனால் அதைப் பொறியியல் என்று சொல்ல வேண்டாம்.

மெரிபேங்க் மூத்தவர்:
சம்பளத்தைப் பற்றிப் பேசியதால் நானும் நேராகவே சொல்கிறேன். அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தேன்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தரைவிரிப்புக்கான அழைப்பு வேறு, பெடலுக்கான அழைப்பு வேறு. முன்னது 2009 இலையுதிர்காலத்தில் வந்தது. பின்னது தாங்கள் சொன்ன ஜனவரியில். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, "டொயோட்டா தானாக ஓடுகிறது" என்ற பீதியைக் கிளப்பியவர்கள், மின்னணுக் கட்டுப்பாட்டில்தான் பேய் இருக்கிறது என்றார்கள். விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் பொறியாளர்களே ஆராய்ந்து, அத்தகைய மின்னணுக் கோளாற்றுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை தந்தார்கள். நான் பேசியது அந்த நால்வர் மாண்ட விபத்தைப் பற்றி. அங்கே தரைவிரிப்புதான்.

இசிபிங்கோ மெக்கானிக்:
தரைவிரிப்பையும் பெடலையும் அமெரிக்காவில் விட்டுவிட்டு நம் தென்னாப்பிரிக்காவுக்கு வாருங்கள், அண்ணன்மாரே. ஃபோர்டு கூகா 1.6 வண்டிகள் இங்கே சாலையில் தீப்பிடித்து எரிந்ததை மறந்துவிட்டீர்களா? குளிர்விப்பு நீர் சரியாகச் சுழலாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்; சிலிண்டர் தலையில் விரிசல் விழும்; கசியும் எண்ணெய் சூடான எஞ்சின்மேல் பட்டுத் தீ எழும். 4,556 வண்டிகளை அழைக்கிறோம் என்று 2017 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் வைல்டர்னஸ் பகுதியில் ஒருவர் தம் கூகாவோடு எரிந்து மாண்டிருந்தார். அந்த மரணத்துக்கும் எஞ்சின் சூட்டுக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அந்த ஒரு வண்டியைத் தள்ளிவைத்தாலும், எரிந்த மற்ற வண்டிகளின் படங்கள் மாதக்கணக்கில் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அதன்பின் என் பட்டறைக்கு வந்த கூகா உரிமையாளர்கள் வண்டியை விற்கவும் முடியாமல், வீட்டுக் கராஜுக்குள் நிறுத்தவும் துணியாமல் தவித்தார்கள். வெறும் 4,556 வண்டிகள்! கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தவர்களுக்கு நேராத அவப்பெயர் இங்கே நேர்ந்தது.

மெரிபேங்க் மூத்தவர்:
இசிபிங்கோ தம்பி என் வாதத்தையே எனக்காக எழுதிக்கொடுத்துவிட்டார். எண்ணிக்கை பெயரைக் கெடுப்பதில்லை, காலதாமதம்தான் கெடுக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் சாவி சுவிட்சைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தானாக நழுவி எஞ்சினை அணைத்துவிடும், விபத்தில் பயணியைக் காக்கும் காற்றுப்பையும் விரியாது. குறை நிறுவனத்துக்குள்ளேயே பலருக்குத் தெரிந்திருந்தது. இடையில் பாகத்தின் வடிவை மாற்றிய பொறியாளர் பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையது எது, புதியது எது என்று பின்னால் தேடியவர்களுக்கே புலப்படவில்லை. 2014 வரை வண்டிகளை அழைக்கவில்லை. 124 மரணங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். பாக எண்ணை மாற்றாமல் பாகத்தை மாற்றுவது எங்கள் வரிசையில் மன்னிக்க முடியாத குற்றம். இதைப் படித்தபோது என் உடம்பு நடுங்கியது. திரும்ப அழைக்காததே தரம் என்று சாட்ஸ்வர்த் தம்பி சொல்வாரானால், அத்தனை ஆண்டுகளும் அந்த வண்டி மிகத் தரமான வண்டியாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

சாட்ஸ்வர்த்வாசி:
ஜெனரல் மோட்டார்ஸைப் பற்றி யார் கேட்டது? பெடலைப் பற்றிக் கேட்டேன். காலதாமதம்தான் குற்றம் என்கிறீர்கள், நல்லது. 2014 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறைக்கு 120 கோடி டாலர் கட்டியது எந்த நிறுவனம்? பெடல் ஒட்டுவது தெரிந்தும் மக்களிடம் மறைத்ததற்காகவே கட்டினார்கள். தங்கள் அளவுகோலிலேயே தங்கள் ஆலையின் தாய் நிறுவனம் தோற்றுவிட்டது.

மெரிபேங்க் மூத்தவர்:
கட்டியது உண்மை. மறைத்தது தவறு என்பதை நான் எங்கே மறுத்தேன்? ஆனால் அந்தத் தொகை வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்காக அல்ல, உண்மையைச் சொல்லாததற்காகக் கட்டப்பட்டது. தரைவிரிப்பு விவகாரத்தில் சொன்ன பொய்களும் அந்த வழக்கில் உண்டு. அதைத் தாங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பீனிக்ஸ் ஆசிரியை:
இரண்டு அண்ணன்களும் பெடலை விட்டு இறங்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். டகாடா என்ற பாக நிறுவனம் செய்த காற்றுப்பையை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அதை விரிக்கும் அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டுச் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டு, விபத்தின்போது உலோக உறையையே சிதறடித்துப் பயணிகளைக் குத்தியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் பாகங்கள். ஹோண்டா முதல் பிஎம்டபிள்யூ வரை பல நிறுவனங்களின் வண்டிகளில் அதே பாகம் இருந்தது. டகாடா 2017இல் திவாலானது. இங்கே வண்டியின் முகப்பில் இருக்கும் முத்திரையை வைத்துத் தரத்தை எப்படி அளப்பது? டர்பனின் புழுக்கத்தில் பத்தாண்டு நின்ற பழைய வண்டியை வாங்கியவள் நான். அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கே போயிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய உரிமவில்லையில் இருக்கும் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து நானே விசாரித்த பிறகுதான் என் வண்டியும் பட்டியலில் இருப்பது தெரிந்தது. விற்ற கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய வண்டி வாங்கியவர்களை யார் தேடிப்பிடிப்பது?

இசிபிங்கோ மெக்கானிக்:
அக்கா கேட்டது நியாயமான கேள்வி. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பற்ற பொருள்களைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தைத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் அழைப்பு வேலை முடியாதவை இன்னும் வருகின்றன. இலவசமாகச் செய்துதருவார்கள் என்பதே உரிமையாளர்களுக்குத் தெரிவதில்லை.

சாட்ஸ்வர்த்வாசி:
பழைய வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கோயில் காவடிக் குழுவுக்கு வேன் வாங்கியபோது, "திரும்ப அழைக்கப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, பழுது நீக்கியாயிற்று" என்று கூட்டத்தில் வாதாடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். திருவிழா நாளில் அதே வேன் நடுவழியில் நின்றது. அன்று தோளில் பால்குடத்தோடு நடந்தவர்களில் என் தாயாரும் ஒருவர்.

மெரிபேங்க் மூத்தவர்:
தங்கள் தாயார் நடக்க நேர்ந்ததற்கு அன்றே அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன், இன்றும் கேட்பேன். ஆனால் வேன் நின்றது கிளட்ச் தேய்ந்ததால். திரும்ப அழைத்த பாகம் காற்றுப்பை. கிளட்சை மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்த கடிதத்தைத் தள்ளிவைத்த குழுவில் தாங்களும் இருந்தீர்கள். அந்தக் கடிதத்தின் படி என்னிடம் இருக்கிறது.

இசிபிங்கோ மெக்கானிக்:
அந்தக் கிளட்சை மாற்றியவன் நான். வட்டு காகிதமாகத் தேய்ந்திருந்தது. கூலியில் பாதி இன்னும் வரவில்லை.

பீனிக்ஸ் ஆசிரியை:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாட்ஸ்வர்த்வாசி:
கூலியைக் குழுவின் பொருளாளரிடம் கேட்கவும். மூத்தவரே, கடிதத்தைத் தாராளமாக இங்கே வெளியிடுங்கள். ஆனால் 23 இலட்சம் வண்டிகளில் ஒட்டிக்கொண்டது தரைவிரிப்பு அல்ல, பெடல்.

மெரிபேங்க் மூத்தவர்:
அந்த நால்வர் மாண்ட வண்டியில் தரைவிரிப்பு. கடிதத்தை நாளைக் காலையில் படமெடுத்துப் போடுகிறேன்.