போர்டிங் பழைய மாணவர் மலர்: "பிரபலங்கள்" பக்கத்தில் யாரைப் போடுவது?

வெளிவீதிக்காரன்:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு ஆர்.சி. போர்டிங்கில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை இருந்தவன் நான். பள்ளிப் பெயர் வேண்டாம், இங்கே எழுதினால் ராத்திரிக்குள் எங்கள் வாட்ஸப் குழுவில் பஞ்சாயத்து கூடிவிடும். பழைய மாணவர் சந்திப்புக்கு மலர் போடுகிறோம், அதில் "நம் பள்ளி தந்த பிரபலங்கள்" என்று நாலு பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் சுற்றும் பட்டியல் இது: அப்துல் கலாம், நடிகர் விக்ரம், சசி தரூர், அன்புமணி, எழுத்தாளர் சுஜாதா, தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். இவர்களில் ஒருத்தராவது எங்கள் கேட்டுக்குள் நுழைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டால், "எல்லாம் நம்ம சாமியார் ஸ்கூல்தானப்பா, ஒரே குடும்பம்" என்கிறார் ஒரு சீனியர் அண்ணன். அச்சுச் செலவில் பாதி அவருடையது, அதனால் ரொம்பவும் முறைத்துக்கொள்ள முடியாது.

இவர்கள் உண்மையில் எங்கே படித்தவர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், நம் பக்கத்து போர்டிங்குகளில் நிஜமாகவே இருந்து பெயர் வாங்கியவர்கள் யாராவது உண்டா? சினிமா, அரசியல் இல்லாவிட்டாலும் சரி.

ஏற்காட்டு_மூடுபனி:

உங்கள் பட்டியலில் பாதி எங்கள் ஆட்கள் தம்பி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விக்ரம், அன்புமணி, சசி தரூர் மூன்று பேரும் ஏற்காடு மோன்ட்ஃபோர்ட். புனித கபிரியேல் சபை பிரதர்கள் 1917இல் ஆரம்பித்த பள்ளி அது. விக்ரமுடைய அப்பா பரமக்குடிக்காரர், அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் சீனியர் அவரை மதுரைக்கு இழுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு எந்த ஊரோ அந்த ஊரில்தான் பிள்ளை படித்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே, போர்டிங் என்ற ஒன்று இருப்பதே அதற்குத்தானே.

தரூர் விஷயத்தில் நாங்களே கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அவர் 1962இல் சின்னப் பிள்ளையாக இங்கே சேர்ந்தார், சீக்கிரமே பம்பாய் கேம்பியனுக்குப் போய்விட்டார், பள்ளியை முடித்தது கல்கத்தா செயின்ட் சேவியர்ஸில். பின்னால் உள்ள இரண்டும் சேசு சபை, அதாவது ஜெசூட் பாதர்கள் நடத்துகிற பள்ளிகள். பல் விழுந்த பள்ளியும், மீசை முளைத்த பள்ளியும், நடுவில் இருந்ததும் ஆளுக்கொரு போட்டோ மாட்டிக்கொள்ளலாம், ஆனால் எத்தனை வருஷம் இருந்தார் என்று பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் மரியாதை.

இன்னொன்று, கொடைக்கானலில் படித்தவர் யாரையாவது சேர்க்கச் சொன்னால் முதலில் எந்தப் பள்ளி என்று கேளுங்கள். "கொடை ஸ்கூல்" என்கிற கொடைக்கானல் இன்டர்நேஷனல் 1901இல் அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் தொடங்கியது, கத்தோலிக்கம் இல்லை. மலை மேல் இருந்து, வெள்ளைக்காரர் கட்டியிருந்தால் எல்லாவற்றையும் நம்மாட்கள் "கான்வென்ட்" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

தெப்பக்குளம்_திருச்சி:

கலாம் பற்றி நான் சொல்கிறேன். அவர் பள்ளிப் படிப்பு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ். அதுவும் புராட்டஸ்டன்ட் மிஷன் பள்ளி. எந்தக் கத்தோலிக்கப் பள்ளியும் அவரைப் "பள்ளி மாணவர்" என்று போட்டால் தப்பு. ஆனால் போர்டிங் கணக்கில் அவர் நம்மாள்தான். 1950இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்து நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்தார். அறையில் கூட இருந்தவர்களில் ஒருத்தர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், ஒருத்தர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். ராமேசுவரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, சேசு சபை ஹாஸ்டலில், சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டர் களத்தில் பாதரைத் தங்கள் சைவ மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதைத் தன் சுயசரிதையில் ரசித்து எழுதியிருக்கிறார். ஆங்கில ஆசிரியராக இருந்த செக்யூரா பாதர்தான் ஹாஸ்டல் வார்டன். ஹாஸ்டல் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமானால் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது, ஆனால் உங்கள் பள்ளி மலரில் இல்லை, எங்கள் கல்லூரி மலரில்.

சுஜாதாவும் செயின்ட் ஜோசப் கல்லூரிதான், ஆனால் அவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். போர்டிங் பட்டியலில் அவருக்கு வேலை இல்லை. தனிநாயகம் அடிகள் படித்தது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில், நம் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தார். வாத்தியாரை மாணவர் ஆக்குவதும் இந்த மாதிரிப் பட்டியல்களில் வழக்கமாக நடக்கும் கூத்து. 1981இல் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அவர் உயிரோடு இல்லை, அதற்கு முந்தைய வருஷம் காலமாகிவிட்டார். மதுரைக்கும் அவருக்கும் சம்பந்தம் வேண்டுமென்றால் மாநாட்டைப் பற்றி எழுதுங்கள், ஹாஸ்டலில் படுக்க வைக்காதீர்கள்.

வத்றாப்பு_மேற்கு:

அண்ணே, ஆறு பேரையும் அடித்துவிட்டீர்கள், சரி. அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மலைப் பள்ளிக்கு டிரங்குப் பெட்டியோடு பிள்ளையை அனுப்பியவர்கள் வேறு வகை. நம் சீமையில் போர்டிங் என்றால் பெரும்பாலும் ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளி இல்லாத பிள்ளைகளைப் பங்குச் சாமியார் கடிதம் கொடுத்துச் சேர்த்துவிடும் இடம். அங்கிருந்து வந்தவர்களைக் கேட்டால் எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்கள் பக்கத்து அண்ணனும் தங்கையும்தான்: எழுத்தாளர்கள் ராஜ் கௌதமன், பாமா. வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர்கள்.

பாமா தன் கதையை எழுதிய 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. போர்டிங்கில் தலித் பிள்ளைகளை ஹாஸ்டல் சிஸ்டர் எப்படி நடத்தினார், வீட்டில் சோறில்லாததுகள் இங்கே வந்து தின்று கொழுக்கின்றன என்கிற மாதிரிப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே எப்படிப் படித்தார்கள் என்று அதில் இருக்கிறது. பிறகு அவரே கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு வருஷம் கழித்து வெளியே வந்தவர். ராஜ் கௌதமன் மதுரையில் பள்ளி படித்து, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் தமிழும் படித்து, புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தார். 2024இல் காலமானார். அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது, நாவல் என்று பெயர், பெரும்பாலும் அவர் கதைதான். சிரித்துச் சிரித்துப் படிக்கலாம், கடைசியில் சிரிப்பு நின்றுவிடும். பாதர்களிடம் வளர்ந்து இவ்வளவு படித்தவன் வேலைக்காக இந்துவாக மாறுவதில் முடிகிறது. காரணம் சட்டம். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்கிற தகுதி இந்துக்களுக்கு மட்டும், பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை.

இவர்கள் உங்கள் பள்ளியா என்று நான் சொல்ல வரவில்லை, அதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வகையில் உங்கள் பள்ளியிலும் யாராவது இருப்பார்கள், குழுவில் சுற்றும் பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

கீழவாசல்_மைந்தன்:

திட்டி எழுதியவர்களையே தேடிப் பிடித்து மலரில் போடச் சொல்கிறீர்களே, நல்ல யோசனை. மேடையில் பிஷப் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்.

வத்றாப்பு_மேற்கு:

புரட்டட்டுமே. கருக்கைப் போட்டதே சேசு சபைக்காரர்கள் மதுரையில் நடத்துகிற ஆய்வு மையம்தான். சாமியார்களுக்கே இல்லாத சங்கடம் பழைய மாணவர் சங்கத்துக்கு எதற்கு? படித்த பள்ளியைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவரை விட்டுவிட்டு, ஒரு நாள் கூட வராத கலாமைப் போடுவீர்கள் என்றால் அது பிரபலங்கள் பக்கம் இல்லை, காலண்டர்.

ஓய்வு_எழுத்தர்:

அரசு உதவி பெறும் பள்ளி ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் என்பதால் சொல்கிறேன். யார் படித்தார், படிக்கவில்லை என்று குழுவில் சண்டை போட வேண்டியதே இல்லை. அட்மிஷன் ரிஜிஸ்டர் நிரந்தரப் பதிவேடு, அதை அழிக்கக் கூடாது, எவ்வளவு பழைய பள்ளியானாலும் பீரோவில் இருக்கும். தலைமையாசிரியருக்குச் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுங்கள், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று தோராயமாகவாவது எழுதிக் கொடுங்கள், சும்மா "பிரபலங்கள் வேண்டும்" என்று போய் நின்றால் கிளார்க் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஹாஸ்டல் ரிஜிஸ்டர் வேறு, அது வார்டன் மாறும்போதெல்லாம் தொலையும், அதை நம்பாதீர்கள்.

தேடும்போது மேடைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். விக்ரம் பதிவேட்டில் கென்னடிதான், பாமா பிறந்தபோது வைத்த பெயர் ஃபாஸ்டினா மேரி ஃபாத்திமா ராணி. ஆர்.சி. பள்ளி என்றால் ஒரே வருஷத்தில் நாலு அந்தோணிசாமி, மூன்று சவரிமுத்து இருப்பார்கள், தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் யாரையும் முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, உயிரோடு இருப்பவரானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பிறந்த தேதி, சாதி எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும், பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்படியே மலரில் ஒட்டிவிடாதீர்கள், செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிவீதிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. எழுத்தர் சார் சொன்னபடி கடிதம் தயார், திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். தலைப்பை "நம் பள்ளியில் படித்தவர்கள்" என்று மாற்றி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்த வருஷம், எந்த வகுப்பு, ஹாஸ்டலா வீட்டிலிருந்து வந்தவரா என்று போடப் போகிறேன், அது தெரியாதவர் பெயர் வராது. எழுதுகிறவர்கள் யாராவது எங்களிடம் படித்திருக்கிறார்களா என்று தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன், அவருக்குப் பழைய சிறுபத்திரிகை ஆட்கள் எல்லாரையும் தெரியும். வத்றாப்பு அண்ணே, பள்ளியைத் திட்டியிருந்தாலும் போடுவேன்.

சீனியர் அண்ணனிடமும் பேசிவிட்டேன். விக்ரமை விட்டுக்கொடுத்துவிட்டார். கலாமை மட்டும் விடமாட்டேன் என்கிறார். கடைசியில் உள் அட்டையில் "கனவு காணுங்கள்" என்று படம் மட்டும், எங்கள் மாணவர் என்று ஒரு வரி கூட இல்லாமல் போடுவதாகப் பேசி முடித்திருக்கிறோம். நல்ல தெளிவான கலாம் படம் யாரிடமாவது இருக்கிறதா?

தெப்பக்குளம்_திருச்சி:

அச்சகத்தில் கேளுங்கள் தம்பி. மலர் அடிக்க வருகிற எல்லாருக்கும் அதைத்தான் போடுகிறார்கள், கம்ப்யூட்டரில் தயாராகவே வைத்திருப்பார்கள்.