பாப்பா பேசறத ஆராய்ச்சி பண்ண வீட்டுக்கே வராங்களாம், கையெழுத்து போடலாமுங்களா?

கோபி_தோட்டத்து_அம்மா:
வணக்கமுங்க. நாங்க கோபி பக்கம், தோட்டத்து வீடு. பாப்பாவுக்கு 14 மாசம். போன வாரம் அங்கன்வாடில சத்துமாவு வாங்கப் போனப்ப ஒரு காலேஜ் புள்ளை வந்து பேசுச்சு, பிஎச்டி பண்ணுதாம், குழந்தைங்க எப்படி பேச்சு புடிக்குதுன்னு பாக்குதாம். மாசம் ஒருக்கா வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வீடியோ எடுக்குமாம், அது போக ஒரு நாள் முழுக்க பாப்பா சட்டைப் பையில சின்ன ரெக்கார்டர் ஒண்ணு வெக்கோணுமாம். ஊசி மருந்து ஒண்ணும் இல்லீங்க. எங்கூட்டுக்காரரு உனக்கு சரின்னா சரின்னுட்டாரு. மாமியாதான் ஒரே புடியா வேண்டாங்கறாங்க. மொதல்ல கண்ணு பட்டுரும்னாங்க, அத நான் பெருசா எடுத்துக்கல. ராத்திரி சோறு போடறப்ப மெதுவா "ஏனம்மிணி, நான் பேசறதும் அதுல உழுகுமா"ன்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு பதிலே வரல. யாராச்சும் இப்படி குழந்தைய விட்டிருக்கீங்களா?

பனியன்_ஊர்_அக்கா:
நாங்க விட்டோம் கண்ணு, பையனுக்கு ரெண்டு வயசு இருக்கறப்ப. மொத நாள் வராங்கன்னு வீட்டையே கழுவி, பிசிறு வெட்டறதுக்கு வாங்கி வச்சிருந்த பனியன் மூட்டைய கட்டிலுக்கு அடியில தள்ளி, பையனுக்கு நோம்பிக்கு எடுத்த சட்டைய மாட்டி உக்கார வச்சா அவன் வாயே தொறக்கல, கேமரா ஸ்டேண்டு காலத்தான் இழுத்துட்டே இருந்தான். வந்தவங்க அக்கா எப்பவும் போல இருங்கன்னாங்க. எப்பவும் போலன்னா அந்த மூட்டைலதான் அவன் உருண்டுட்டு இருப்பான், அத எப்படி காட்டறது! மூணாவது மாசத்துலதான் எங்களுக்கே பழகுச்சு.

என்ற வருத்தம் வேற. ஒவ்வொரு தடவையும் அவன் ஏதாச்சும் பண்ணா நோட்டுல எழுதுவாங்க. அய்யோ பையன் பிந்திட்டானோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் வெசனம். முடிஞ்சதும் வீடியோ ஒரு காப்பி தரோம்னாங்க, அதுக்கு மேல ஒரு பேச்சில்ல, போன் பண்ணாலும் எடுக்கல. நம்ம வீட்டு ஆசாரத்துல உக்காந்து காப்பி குடிச்சவங்க, என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

ஈரோட்டு_அப்பன்:
நான் விடமாட்டேனுங்க. சர்வேக்காரங்க வந்து எடை உயரம் பாக்கறாங்க, சரி. வீடியோ அப்படியில்ல. பேரு போடமாட்டோம்பாங்க, மூஞ்சி தெரியாமயா போயிரும். 14 மாசக் குழந்தை நாளைக்கு பெருசாகி என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது.

வீடுவீடா_போறவன்:
நானும் இந்த மாதிரி வேலைக்கு வீடு வீடா போறவன்தானுங்க, அதனால கொஞ்சம் நீட்டறேன்.

மொதல்ல உங்க மாமியா கேட்டதுக்கு: அவங்க பேச்சும் அதுல உழுகுமுங்க. லீனான்னு ஒரு கருவி இருக்குது, சட்டைப் பையில அடங்கற சைஸு, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைக்கும் பதியும். பெரியவங்க எத்தனை வார்த்தை பேசினாங்க, குழந்தையும் பெரியவங்களும் எத்தனை தடவை மாத்தி மாத்தி பேசினாங்கன்னு கம்ப்யூட்டர் தோராயமா கணக்கு போட்டுரும். உங்ககிட்ட கொண்டு வர்றதும் அதுதானான்னு கேட்டுக்கங்க. எண்ணறது மிஷின்னாலும் சத்தம் சத்தமாவேதான் இருக்குது, மாமியா பேச்சு, பக்கத்தூட்டு அக்கா பேச்சு எல்லாமே. அத காது குடுத்து கேக்கறது யாரு, எத்தனை வருசம் வச்சிருப்பாங்க, ஒரு பகுதி வேண்டாம்னா அழிப்பாங்களா, வீடியோவ க்ளாஸ்லயோ மீட்டிங்லயோ போட்டுக் காட்டுவாங்களா, இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே கேக்கோணும். எத்திக்ஸ் கமிட்டி, அதான் ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பாக்கற குழு, அதோட அனுமதி இருக்குதான்னும் கேளுங்க. வெவரத்தாள் தமிழ்ல இருக்கோணும், நடுவுல எப்ப வேணா நிறுத்திக்கலாம்.

ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017ல போட்ட விதிப்படி, இப்படி ஆபத்து பெருசா இல்லாத ஆராய்ச்சிக்கு அப்பா அம்மாள்ல ஒருத்தர் கையெழுத்தே போதும். 7 வயசுக்கு மேல குழந்தைகிட்டயும் சம்மதம் கேக்கோணும். விதிக்கு ஒரு கையெழுத்து போதுங்க, கூட்டுக் குடும்பத்துக்கு பத்தாது. நான் போன வீடுகள்ல பாதியில நின்னு போனதெல்லாம் பெரியவங்ககிட்ட கேக்காம விட்டதுதான்.

அக்கா, நோட்டுல எழுதறது மார்க் இல்லீங்க, யாரு இருந்தாங்க, எத்தனை மணி, குழந்தை தூக்கமான்னுதான் பெரும்பாலும் இருக்கும். அத உங்களுக்கு சொல்லாம விட்டது எங்காளுக தப்பு. அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டில ஹார்ட், ரிஸ்லின்னு ரெண்டு பேரு 42 குடும்பத்துக்கு மாசாமாசம் போய் ஒரு மணி நேரம் பதிவு பண்ணாங்க, 1995ல வெளியாச்சு. அதுல அரசாங்க உதவிப் பணத்துல இருந்த ஏழை வீடுக 6தான். அத வச்சு ஏழை வீட்டுல பேச்சே கம்மின்னு இன்னும் பேசிட்டிருக்கறாங்க. ஆள் எதுக்க உக்காந்தா வாயடைச்சுப் போறது உங்க பையன் மட்டுமில்லீங்க, அங்கயும் அப்படி இருந்திருக்கலாம்னு கேட்டவங்க உண்டு.

கோபி_தோட்டத்து_அம்மா:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. நேத்து அந்தப் புள்ளைய வரச் சொல்லி மாமியாகிட்டயே பேச உட்டேன். உழுகுமுங்க ஆத்தான்னு அது ஒளிக்காம சொல்லிருச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, காத்தால இருந்து நாலு மணி வரைக்கும் வெச்சுக்கோ, அப்புறம் பால் ஊத்த ஆளுக வரும், அந்தப் பேச்சு உனக்கு எதுக்குன்னுட்டாங்க. வீடியோ மட்டும் வேண்டவே வேண்டாமாம். வீடியோ இல்லாம சேத்துக்க முடியுமான்னு கைடுகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு போயிருக்குது. தாள் டிவி மேலதான் கெடக்குது. அக்கா, உங்க பையன் இப்ப நல்லா பேசறானுங்களா?