புதுப்பிப்பு: சிங்கப்பூர் ஆளுக்கு சிபிஎஃப் (அந்த ஊரு பிஎஃப்) கட்டணுமா?

பத்தமடைப் பாய் விக்க சிங்கப்பூர்ல பதிஞ்ச எங்க கம்பெனிக்கு அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தியை எடுத்தோம். 'கான்ட்ராக்ட்'னு எழுதிட்டா சிபிஎஃப் தப்பிக்கலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்லா?

தப்பிக்க முடியாது. பேப்பர்ல என்ன பேர் போட்டாலும், நாம சொன்ன நேரத்துக்கு நாம சொன்ன வேலையைச் செஞ்சா ஊழியர்தான். அவளுக்கு 28 வயசு. அந்த வயசுக்கு நம்ம பங்கு 17 சதவீதம், சம்பளத்துல பிடிக்கிறது 20. வேலை நிபந்தனைகளையும் 14 நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும்.

"நம்மூரு பிஎஃப் மாதிரிதாம்வே, 15-ம் தேதி வரைக்கும் டயம் இருக்கு"ன்னாரு பாளையங்கோட்டை ஆடிட்டர் அண்ணாச்சி. நம்பி 15-ம் தேதி கட்டினேன். அங்க கெடு 14! தாமத வட்டி குறைஞ்சபட்சமே 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அண்ணாச்சிகிட்ட கேட்டா, "ஒரு நாளுதானவே"ங்காரு.