தம்பிக்கு யாராவது எடுத்துச் சொல்ல முடியுமா?

கலிபோர்னியாவில் படிக்கும் என் தம்பி, தசை வளர, மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் போகிறானாம். ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குப்பியை வீடியோ காலில் காட்டினான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

2017-இல் ஜோசையா ஜெய்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேடின் மரபணுவைக் குறிவைத்து மேடையிலேயே கையில் குத்திக்கொண்டாரே, அவர்தான் இவனுக்கு முன்மாதிரி. அவரே பிறகு வருத்தப்பட்டுவிட்டார். அதைச் சொன்னால், "அவர் போட்ட டோஸ் பத்தாதுக்கா" என்கிறான்.

வேறு இடத்தில் டிஎன்ஏ வெட்டுப்படலாம், எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகக் கிளம்பலாம், குப்பியிலேயே கிருமி இருக்கலாம் என்பதுவரை படித்துவிட்டேன். இவற்றில் எது உடனே தெரியும், எது பல வருடம் கழித்து வரும்? மரபணுத் துறையில் இருப்பவர்கள் யாராவது அவனோடு பத்து நிமிடம் பேசுவீர்களா? நான் வாயைத் திறந்தால், "அக்கா, நீ பி.காம்" என்று சிரிக்கிறான்.