கம்பெனி கார் கையை விட்டுப் போகிறது: 8 லட்சத்துக்குள் ஓட்ட ஆசையான பழைய டீசல் எது?

தாம்பரத்தான்
வணக்கம். ஆறு வருஷமாகக் கம்பெனி கொடுத்த காரில்தான் ஓடிக்கொண்டிருந்தேன். புது வேலையில் கார் கிடையாது, பதிலுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றித் தருகிறார்கள். இந்த மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதுவரை ஓட்டியது பரம சாதுவான ஒரு டீசல் செடான். அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஹெச்ஆர்தான் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது என் காசு. மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும். தினமும் தாம்பரம் - ஒரகடம் போய்வர ஐம்பது கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலி. வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாங்கள் இருவர், அம்மா, ஏழு வயதுப் பையன்.

மனதில் இருப்பவை இரண்டு: ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிடிஐ (டிடிஐ என்றால் அவர்களுடைய டர்போ டீசல்), 2017 வாக்கில். இல்லையென்றால் அதே குழுமத்தின் ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டிடிஐ, 2015 வாக்கில். எட்டு லட்சத்துக்கு மேல் போக முடியாது.

டர்போ மணி
போலோ. இதற்கு விவாதமே வேண்டாம்.

சரி, காரணம் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். 105 குதிரைத்திறனில் வந்தது, பிறகு 110 ஆனது. 250 என்எம் இழுவிசை. அதை இவ்வளவு சின்ன உடம்பில் வைத்தால் என்ன ஆகும் என்று துவரங்குறிச்சி தாண்டி ஏதாவது ஒரு ஆம்னி பஸ்ஸை முந்தும்போது தெரியும். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டி தூங்கும், உண்மைதான். அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி ஒரு வேகம். இரண்டாவது கியரில் அந்த இடம் எங்கே வருகிறது என்று பழகிக்கொண்டால் போதும், நகரத்துக்குள்ளும் சுகம்தான். என்னிடம் ஏழு வருஷமாக இருக்கிறது. கோவையிலிருந்து வால்பாறைக்கு எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

கணக்குப்பிள்ளை
கணக்கு இல்லை என்கிறார் பாருங்கள், அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

தாம்பரத்தான் சார், முதலில் ஒன்று. கம்பெனி கார் வைத்திருந்தவர்களுக்குக் கார் ஓட்டும் செலவு என்னவென்றே தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. 1.6 லிட்டருக்குள் இருக்கும் காருக்கு வரிக்காகச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டிய மதிப்பு, பல வருஷம் மாதம் 1,800 ரூபாய்தான். பெரிய எஞ்சினுக்கு 2,400. டீசல், டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொண்டது. இனி நான்கு டயர் மாற்றினால் அந்த மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும்.

இன்னொன்றை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு வருஷம் ஒரு கிளெய்ம்கூட இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள். ஆனால் அதற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி கம்பெனி பெயரில் இருந்தது. உங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

இவ்வளவுக்கும் பிறகு எதற்குப் பத்து வயது டீசல்? ஒரு டர்போ பெட்ரோல் வாங்குங்கள். ஓட்டவும் ஜாலி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தலைவலியும் இல்லை.

டர்போ மணி
கணக்குப்பிள்ளை கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார், நான் முடிக்கிறேன். சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சம், பெட்ரோல் 101 ரூபாய் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். என் போலோ நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து 17 தருகிறது. கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய்கூட ஆகவில்லை. டர்போ பெட்ரோலை அழுத்தி ஓட்டினால் 12 வரும், எட்டரை ரூபாய் பக்கம். மூன்று ரூபாய் வித்தியாசம், இருபதாயிரம் கிலோமீட்டர். வருஷத்துக்கு அறுபதாயிரம் ரூபாய்! அதோடு பழைய பெட்ரோல் வண்டியில் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை ஊற்றிவிட்டு ரப்பர் குழாய் என்ன ஆகுமோ என்று கவலைப்படும் வேலையும் இல்லை.

கணக்குப்பிள்ளை
அந்த அறுபதாயிரமும் ஒரு டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வைத் தாங்கும் சக்கரம்), கிளட்ச், இரண்டு இன்ஜெக்டர் மாற்றினால் காலி. நீங்கள் ஏழு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த வண்டியின் கணக்கு அது. இவர் வாங்கப்போவது வேறு யாரோ மிதித்து முடித்த வண்டி. "ஸ்போர்ட்டி" கார் வாங்கியவன் அதைக் கோவிலுக்கு மட்டுமா ஓட்டியிருப்பான்?

நைட் ஹைவே
எல்லோரும் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டு லட்சம் இருந்தால் பிஎம்டபிள்யூ 320டி வாங்கலாம். 2013 மாடல், 184 குதிரைத்திறன், 380 என்எம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின் சக்கர இயக்கம். டெல்லிப் பக்கம் இன்னும் மலிவு. பத்து வயது தாண்டிய டீசலை அங்கே ஓட்டக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தபின் எல்லோரும் தள்ளிவிடப் பார்த்தார்கள். ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் தம்பி, போலோ என்கிற பெயரே மறந்துபோகும்.

ஸ்பேனர்
இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

320டி நல்ல வண்டி, மறுக்கவில்லை. ஆனால் 2013 மாடலில் இருப்பது என்47 எஞ்சின். அதில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. செயின் சத்தம் போட ஆரம்பித்தால் போனட்டைத் திறந்து பார்த்துச் சரி செய்ய வழியில்லை. எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும், அல்லது கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அந்தக் கூலிக்கே ஒரு நல்ல பைக் வாங்கலாம். 2016-ல் பி47 எஞ்சின், 190 குதிரைத்திறன், வந்தபிறகு நிலைமை மேல். ஆனால் அது இவர் பட்ஜெட்டில் வராது.

டெல்லி வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வயதுக்கு ஏற்றபடி ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி... ஆர்டிஓ வாசலில் நிற்க லீவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புது வேலையில் சேர்ந்த உடனே லீவு கேட்பதும் நன்றாக இருக்காது.

பெருங்குடி அக்கா
எல்லா ஆண்களும் குதிரைத்திறன் பேசியாகிவிட்டதா? நான் ஒன்று கேட்கிறேன். போலோவின் பின் சீட்டில் உங்கள் அம்மாவை உட்காரவைத்து 620 கிலோமீட்டர் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தீர்களா தம்பி? மதுரை வருவதற்குள் முட்டியைப் பிடித்துக்கொள்வார்.

நான் வைத்திருப்பது 2018 ஹூண்டாய் வெர்னா 1.6 சிஆர்டிஐ டீசல். 128 குதிரைத்திறன், 260 என்எம். வளைவில் போலோ மாதிரி ஒட்டிக்கொண்டு போகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர் ரோட்டில் எந்த ஜிடியையும் விடமாட்டேன். நான்கு பேர் பெட்டியோடு போகலாம், சர்வீஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். பழைய பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி என்பதால் டிபிஎஃப் என்கிற கரி ஃபில்டரின் எரிச்சலும் கிடையாது. பிஎஸ்6 டீசல் வாங்கி ஊருக்குள் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால், அந்த ஃபில்டர் சூடேறிக் கரியை எரிக்க நேரமே கிடைக்காமல் விளக்கு எரியும். தம்பி தினமும் வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் போவதால் அந்தப் பிரச்சினை அவ்வளவாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அந்தச் சாது செடானையே கம்பெனியிடம் விலைக்குக் கேட்டீர்களா? லீஸ் முடியும்போது மீதி மதிப்புக்கு ஊழியருக்கே கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ஆறு வருஷம் நீங்களே ஓட்டிய வண்டி. அதன் ஜாதகம் உங்களைவிட யாருக்குத் தெரியும்?

தாம்பரத்தான்
அக்கா, கேட்டேன். மூன்றே முக்கால் லட்சத்துக்குத் தருகிறேன் என்றார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் ஆறு வருஷம் ஓட்டிய அதே ஸ்டீயரிங்கை இன்னும் ஆறு வருஷம் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாலே கொட்டாவி வருகிறது.

டர்போ மணி
இதுதான் நேர்மையான பதில்.

கணக்குப்பிள்ளை
கொட்டாவிக்கு நாலேகால் லட்சம் கொடுக்கிறார். சரி, அவர் காசு.

போலோ பக்தர்களுக்கு ஒரு கேள்வி. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீசல் கார்களைப் புகைப் பிரச்சினைக்காகத் திரும்ப அழைத்ததே, அதில் போலோவின் இந்த 1.5 லிட்டர் எஞ்சினும் இருந்தது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம்கூட விதித்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் இங்கே டீசலையே மூட்டை கட்டிவிட்டார்கள். தயாரித்தவனே கைவிட்ட எஞ்சினை நீங்கள் ஏன் தத்தெடுக்கிறீர்கள்?

டர்போ மணி
அந்த அபராதத்துக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததையும் சொல்லியிருக்கலாம். திரும்ப அழைத்தது சாஃப்ட்வேர் மாற்ற. எஞ்சின் உடைகிறது என்று அழைக்கவில்லை. டீசலை விட்டது செலவுக் கணக்கு. மாருதியும் அதே மாதம் விட்டது, அதனால் ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட் டீசல் எல்லாம் நின்றுவிட்டதா? இன்னொரு சுவாரசியம்: 1.5 எஞ்சின் வந்ததே நம் ஊர் வரிக்காகத்தான். நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1500 சிசிக்குள் டீசல் என்றால் வரி குறைவு. அதனால் 2014-ல் 1.6 போய் இது வந்தது.

ஸ்பேனர்
சண்டையை நிறுத்துங்கள். என் பட்டறையில் மாடல் பார்த்து எந்த வண்டியும் கெட்டுப்போய் வருவதில்லை, முந்தைய ஓனரைப் பார்த்துத்தான் வருகிறது. போலோ என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஆக்டேவியா 2.0 டீசல் ஆட்டோமேட்டிக் என்றால் அதில் இருப்பது ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது ஆயிலில் நனைந்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஏழு கியர் உலர் கிளட்ச் மாதிரி பெயர் கெட்டது இல்லை. ஆனால் 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதன் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம். "மாத்தியாச்சு சார்" என்பது பில் ஆகாது.

தாம்பரத்தான்
ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆக்டேவியா பார்க்கப் போனேன். 2015, ஆட்டோமேட்டிக், 68 ஆயிரம் ஓடியது என்று மீட்டர் சொன்னது. வெள்ளை. பெயின்ட் பளபளப்பு. கதவை மூடினால் பீரோ மூடுகிற சத்தம். ஓட்டிப் பார்த்தேன், அண்ணே, 143 குதிரைத்திறன்தான் என்றாலும் அந்த 320 என்எம் இழுத்த இழுப்பில் என் மனைவியே "ம்ம்" என்றாள். முன்பணம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

பையன் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். கடைசி வரை இழுத்துவிட்டு, "அப்பா, இங்க மட்டும் கலர் வேற" என்றான். எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கிற அந்தக் கடைசி ஒரு சாண் மட்டும் காப்பிக் கறை மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தேன், மாவு மாதிரி மண். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைப் பார்த்தால் துரு.

விற்பவர், "சார், போன ஓனர் பீச்சுக்கு நிறைய போவார்" என்றார்.

பெருங்குடி அக்கா
பீச்சுக்கு முங்கவா போனார்? அது 2015 டிசம்பர் வெள்ளம், இல்லையென்றால் 2023 மிக்ஜாம். எங்கள் தெருவில் மிதந்த கார்களில் பாதி இரண்டே மாதத்தில் வெளியூர் விற்பனைக்குப் போய்விட்டன. பையனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

ஸ்பேனர்
பையனை என்னிடம் வேலைக்கு அனுப்புங்கள்.

68 ஆயிரம் என்கிறார்களே, பிரேக் பெடல் ரப்பர் எப்படி இருந்தது? வரி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் அது ஒரு லட்சத்து ஐம்பது. மீட்டரைத் திருப்புகிறவன் பெடல் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

தாம்பரத்தான்
வழுவழுப்புத்தான். மழை நாளில் வழுக்கும் தேய்ந்த செருப்பு மாதிரி இருந்தது.

நைட் ஹைவே
அதற்குத்தான் டெல்லி வண்டி என்றேன். அங்கே வெள்ளம் இல்லை.

கணக்குப்பிள்ளை
யமுனை தெரியாதா உங்களுக்கு? 2023 ஜூலையில் செங்கோட்டைச் சுவர் வரை தண்ணீர் வந்தது சார்.

டர்போ மணி
தாம்பரத்தான், ஒரு விஷயம். எங்கள் ஊரில் ஒரு டாக்டரிடம் 2018 போலோ ஜிடி டிடிஐ இருக்கிறது. ஒரே ஓனர், 81 ஆயிரம், சர்வீஸ் பில் முழுவதும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறார். ஆறு லட்சத்து இருபது கேட்கிறார், அரை லட்சம் குறைப்பார். கோவையில் வெள்ளக் காரும் குறைவு.

பெருங்குடி அக்கா
அம்மா முட்டி?

தாம்பரத்தான்
அக்கா, அம்மாவிடம் கேட்டேன். "நான் எப்பவும் நெல்லை எக்ஸ்பிரஸ்லதானே போறேன், உன் கார்ல எப்ப ஏறினேன்" என்றார். ஆறு வருஷத்தில் அவர் அந்தக் காரில் திருநெல்வேலிக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான், யோசித்துப் பார்த்தால்.

சனிக்கிழமை கோவைக்கு ரயில் போட்டிருக்கிறேன். ஸ்பேனர் அண்ணே, போய் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்
டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் புகை என்ன நிறம், எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் ரயிலேறிவிடுங்கள். ஆஃப் செய்யும்போது அடியில் கடகடவென்று உதறினால் ஃப்ளைவீல், விலையில் அதைக் கழியுங்கள்.

எஞ்சின் பக்கத்து வயர்களையும் பாருங்கள். எங்காவது புது டேப் சுற்றியிருந்தால் எஞ்சின் திறனைக் கூட்டும் ட்யூனிங் பாக்ஸ் போட்டுக் கழற்றிய வண்டியாக இருக்கலாம். டாக்டர்தான் என்று ஏமாறாதீர்கள், என்னிடம் வரும் வண்டிகளில் கொடூரமாக மிதிப்பவர் ஒரு பல் டாக்டர்.

கணக்குப்பிள்ளை
ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் பழைய செடானைக் கம்பெனியிடம் வேண்டாம் என்று இன்னும் எழுதிக் கொடுக்கவில்லையே? திங்கட்கிழமை வரை கொடுக்காதீர்கள்.

தாம்பரத்தான்
கொடுக்கவில்லை சார். பையனும் கூட வருகிறான், பெல்ட் இழுக்க.